எட்டு டம்ளர் தண்ணியும் காணாமப் போன ஒரு வரியும்

"யாருங்க இவருக்கு இவ்ளோ தண்ணி குடிக்கச் சொன்னது?"

போன வருஷம் ஒரு ஐ.சி.யூ. வாசல்ல வச்சு டாக்டர் கேட்ட கேள்வி இது. அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் செவுத்துல ஒட்டியிருந்த கை கழுவுற போஸ்டரைப் பார்த்தேன்.

கொஞ்ச நாளா நம்ம கடையில ஈ ஓட்டக்கூட ஆள் இல்லாம கிடந்துச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். நெசமான காரணம், இந்தப் பதிவை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நாலு தடவை எழுதி எழுதி டிராஃப்ட்லயே போட்டு வச்சிருந்ததுதான். நீளமான பதிவு. பொறுமையா வாசிக்கறவங்க ஒரு டம்ளர் தண்ணி... வேணாம், காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. இஞ்சினியரிங் படிச்சுட்டு பெங்களூர்ல பொட்டி தட்டிப் பொழைக்கறவன். இது மருத்துவ ஆலோசனை இல்ல, ஒரு எண்ணோட வரலாறு. அவ்வளவுதான்.

கொசுவத்தியைச் சுத்திருவோம். அப்பாவுக்கு அறுபத்து மூணு வயசு. ஊர்ல ஒரு அரசாங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல இருந்து ரிடையர் ஆனவரு. பைசா பிசகாம கணக்கெழுதின மனுஷன். ரிடையர் ஆனதும் லேசா தொப்பை விழுந்துச்சு. எனக்கும்தான், கேன்டீன் புண்ணியத்துல. அந்த நேரம் பார்த்து என் செல்போன்ல ஒரு தண்ணி ஆப் வந்து சேர்ந்துச்சு. நம்ம எடையைப் போட்டா எத்தனை லிட்டர்னு சொல்லும். மணிக்கு ஒரு தடவை சொட்டு விழற சத்தம் போடும். குடிச்சா வாழ்த்தும், குடிக்கலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். ஆபீஸ்ல பாதிப் பேர் மேசையில நேரம் அச்சடிச்ச பெரிய பாட்டில். நானும் ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அப்பாவுக்கு.

"தம்பி சொல்லிருச்சுல்ல, செஞ்சுருவோம்" அப்படின்னாரு. செஞ்சாரு. கணக்குப்பிள்ளை இல்லையா, டைரி போட்டு எழுதினாரு. காலை ஆறு மணி 1 லிட்டர், பத்து மணி 1 லிட்டர்னு. ஒரு நாளைக்கு மொத்தம் 4. முதல் மாசம் ரெண்டு கிலோ இறங்குச்சு. சாயங்காலம் பஜ்ஜி நின்னு போனதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் யோசிக்கல. தண்ணியோட மகிமைன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டோம். சித்திரை வெயில் வந்ததும் நானே போன் பண்ணி "இன்னும் ஒரு லிட்டர் சேர்த்துக்கங்கப்பா"ன்னேன்.

அந்த வெயில்ல அவருக்குப் பசி குறைஞ்சு போச்சு. ரெண்டு வேளையும் கஞ்சி. லேசா தலைசுத்தல், வாந்தி வர்ற மாதிரி. தண்ணி பத்தலையோன்னு இன்னும் கொஞ்சம். ஒருநாள் காலையில சட்டைப் பட்டனை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு நின்னாரு. அம்மாவை அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. பக்கவாதம்னு நினைச்சு அள்ளிக்கிட்டு ஓடினாங்க.

ரத்தத்துல சோடியம் 117. சாதாரணமா 135க்கும் 145க்கும் நடுவுல இருக்கணும்.

"உப்பு குறையல தம்பி, தண்ணி ஏறி உப்பு நீர்த்துப் போயிருக்கு. ரசத்துல ஒரு குடம் தண்ணி ஊத்தின மாதிரி" அப்படின்னு டாக்டர் விளக்கினாரு. அப்பா பல வருஷமா எடுத்துக்கிட்டிருந்த பி.பி. மாத்திரையில நீர் மாத்திரையும் கலந்திருக்கு. அதை எடுத்துக்கறவங்களுக்கு மிச்சத் தண்ணியை வெளியேத்தற தெறமை சிறுநீரகத்துக்குக் குறைஞ்சுரும். அதோட சிறுநீரகம் வெறும் தண்ணியைத் தனியா தள்ளிவிட முடியாது, கூடவே கொஞ்சம் உப்பு, சாப்பாட்டுப் புரதத்தோட கழிவு இதெல்லாம் போயாகணும். கஞ்சி மட்டும் குடிக்கற மனுஷனுக்கு அதுவும் இல்ல. மாத்திரை, கஞ்சி, நாலைஞ்சு லிட்டர் தண்ணி. மூணும் சேர்ந்துருச்சு. குறைஞ்ச சோடியத்தை அவசரமா ஏத்தவும் கூடாதாம், மூளையில வேற விதமா சேதம் ஆயிரும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து புள்ளிக்கு மேல போகாம மெதுவா ஏத்தணும். நாலு நாள் ஆச்சு.

வீட்டுக்கு வந்தப்புறம் அந்த டைரியை எடுத்துப் பார்த்தேன். கடைசி வாரத்துல கையெழுத்து கோணிக்கிட்டுக் கிடக்கு. ஒரு பக்கத்துல 1, 1, 1, 1 எழுதிக் கீழே கூட்டல் 6. பைசா பிசகாத மனுஷன்னு சொன்னேன்ல? அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

பொட்டி தட்டறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ப்ரோகிராம்ல ஒரு வரி தப்பா இருந்தா, அந்த வரியை யார் எப்ப எழுதினாங்கன்னு தோண்டுவோம். அதுக்குன்னே கிட் பிளேம்னு ஒரு கட்டளை இருக்கு. அப்பாவுக்கு நான் சொன்னேன். எனக்கு ஆப் சொல்லுச்சு. ஆப்புக்கு யார் சொன்னது? தோண்ட ஆரம்பிச்சா, எனக்கு முன்னாடியே ஒருத்தர் தோண்டி முடிச்சிருக்காரு.

அவர் பேர் ஹைன்ஸ் வால்டின். அமெரிக்காவுல டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில பேராசிரியரா இருந்தவரு. உடம்பு தண்ணியை எப்படிக் கையாளுதுங்கறதுதான் வாழ்நாள் முழுக்க அவர் ஆராய்ச்சி. சிறுநீரகத்தைப் பத்திப் பாடப்புத்தகமே எழுதியிருக்காரு. ஓய்வு பெற்ற அப்புறம், தினம் எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும்னு ஊரே சொல்லுதே, ஆதாரம் எங்கேன்னு தேடக் கிளம்பினாரு. ஒரு டம்ளர் எட்டு அவுன்ஸ், எட்டு டம்ளர், ஆக மொத்தம் 1.9 லிட்டர் சொச்சம். இதுதான் அவங்க ஊர்க் கணக்கு. தேடினதையெல்லாம் 2002ல ஒரு உடலியங்கியல் ஆய்விதழ்ல கட்டுரையா போட்டாரு. சாரம் இதுதான்: மிதமான சீதோஷ்ணத்துல, பெரும்பாலும் உக்காந்தே வேலை செய்யற ஆரோக்கியமான ஆளு எட்டு டம்ளர் குடிச்சே ஆகணும்ங்கறதுக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடைக்கல. எட்டுங்கற எண் எங்கிருந்து முளைச்சுதுன்னும் அவரால உறுதியா சொல்ல முடியல. ஆனா சந்தேகப்படக்கூடிய ரெண்டு இடத்தைக் காட்டிட்டுப் போனாரு.

முதல் இடம் 1945. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, மக்களும் சிப்பாய்களும் என்ன சாப்பிடணும்னு அளவு நிர்ணயிக்க அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொன்ன உணவு ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரை. புரதம் இவ்வளவு, வைட்டமின் இவ்வளவுன்னு போற அந்த அறிக்கையில தண்ணிக்குன்னு ஒரு சின்னப் பத்தி. அதுல மூணே மூணு சேதி. பெரியவங்களுக்குப் பொதுவா நாளைக்கு 2.5 லிட்டர் போதும். சாப்பிடற ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலிட்டர்னு வச்சுக்கலாம். இந்தத் தண்ணியில பெரும்பகுதி சமைச்ச சாப்பாட்டுலயே இருக்கு.

மூணாவது சேதியை இன்னொரு தடவை படிங்க.

அந்த வரி வழியில எங்கேயோ உதிர்ந்து போச்சு. 2.5 லிட்டர்ங்கற எண் மட்டும் மிச்சமாயி, அதைத் தண்ணியாவே குடிக்கணும்னு ஆயிருச்சு. எவனோ ஒருத்தன் கோடை காப்பி பண்ணிட்டு, மேலே இருந்த கமெண்ட்டை விட்டுட்டு வந்த மாதிரி. (எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு கமெண்ட் விட்டுப் போனதால ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்த கதை உண்டு. அது வேற பதிவு.)

அந்த வாரியத்துக்காரங்க மனசுல இருந்தது அமெரிக்கத் தட்டு. ரொட்டியில முப்பத்தஞ்சு நாப்பது சதவீதம்தான் தண்ணி. நம்ம சோத்துல கிட்டத்தட்ட எழுபது சதவீதம் தண்ணி. அதுமேல சாம்பார், ரசம், மோர்னு மூணு ஆத்துத் தண்ணியை விட்டுப் பிசையற கூட்டம் நாம. வெள்ளரிக்காய் 95 சதவீதம் தண்ணி. பாலு 87. இது போக, சாப்பிட்டதை உடம்பு எரிக்கும்போதே உள்ளுக்குள்ள கால் லிட்டர் அளவுக்குத் தண்ணி உருவாகுது. பத்தாங்கிளாஸ் வேதியியல்தான். கொழுப்போ மாவுச்சத்தோ எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் வரும்னு படிச்சோமே, அதே தண்ணி.

காபியும் கணக்குல வரும். காபி உடம்பு நீரை உறிஞ்சிரும்னு சொல்ற கோஷ்டி நம்ம பதிவர்கள்லயே உண்டு. 2014ல இங்கிலாந்தின் பர்மிங்காம்ல தினமும் காபி குடிச்சுப் பழகின 50 ஆம்பளைங்களை வச்சு சோதனை பண்ணாங்க. நாளைக்கு நாலு கப் காபி குடிச்ச நாட்கள்லயும், அதே அளவு தண்ணி குடிச்ச நாட்கள்லயும் உடம்புல இருந்த நீர் அளவுல வித்தியாசம் தெரியல. ஆக ரெண்டாவது டிகாக்ஷனுக்கு யாரும் குற்ற உணர்ச்சி பட வேணாம்.

வால்டின் காட்டின ரெண்டாவது இடம் ஃபிரெட்ரிக் ஸ்டேர். ஹார்வர்டுல ஊட்டச்சத்துத் துறையை ஆரம்பிச்சவரு. 1974ல இன்னொருத்தரோட சேர்ந்து எழுதின ஒரு புத்தகத்துல ஆறுல இருந்து எட்டு டம்ளர்னு ஒரு வரி போற போக்குல வருது. அடுத்ததாவே காபி, டீ, பால், குளிர்பானம், பீர் எல்லாம் இதுல சேர்த்திதான், பழம் காய்கறியும் நல்ல நீர் ஆதாரம்னும் சொல்லிட்டாரு. இங்கேயும் அதே கூத்து. எண் ஊர் சுத்தக் கிளம்பிருச்சு, பீர் வீட்டுலயே தங்கிருச்சு :-)

தண்ணியை எண்ணிக் குடிக்க வைக்கறது இருபதாம் நூற்றாண்டு வியாதி மட்டும் இல்லீங்க. 1820கள்ல இருந்தே ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியாவுல கிராஃபன்பெர்க்ங்கற மலையூர்ல வின்சென்ஸ் ப்ரீஸ்னிட்ஸ்னு ஒரு விவசாயி மகன் பச்சைத் தண்ணி வைத்தியம் நடத்தினாரு. மருத்துவப் படிப்பு கிடையாது. ஈரத் துணியில சுத்தறது, அருவி மாதிரி மேல கொட்டறது, கூடவே நாளைக்குப் பன்னெண்டு டம்ளர், அதுக்கும் மேல குடிக்க வைக்கறது. பிரபுக்கள் எல்லாம் வரிசையில நின்னாங்க. இந்த நீர் வைத்தியம் இங்கிலாந்துக்குப் பரவி, 1849ல சார்லஸ் டார்வினே மால்வர்ன்ல போய் எடுத்துக்கிட்டாரு. ஜெர்மனியோட லூயிஸ் கூனே வழியா நம்ம காந்தித் தாத்தாவும் இதுல விழுந்தாரு. அவரு தொட்டித் தண்ணியில உக்கார்ற கட்சி. நம்மூர் இயற்கை வைத்தியத்துக்கு அது ஒரு வேர். ஆனா ப்ரீஸ்னிட்ஸ்கிட்ட வந்தவங்க மலை ஏறி இறங்கினாங்க, விறகு வெட்டினாங்க. ஏசியில உக்காந்து அலாரம் வச்சுக் குடிக்கல.

தண்ணி குடிச்சா எடை குறையும்ங்கற கதைக்கு வருவோம். என்னையும் அப்பாவையும் கவுத்துன கதை இதுதானே. இதுக்கு ஒரு தேதியே குறிக்கலாம்: 1967. இர்வின் ஸ்டில்மன்னு ஒரு நியூயார்க் டாக்டர், சாம் சின்க்ளேர் பேக்கர்ங்கற எழுத்தாளரோட சேர்ந்து வேகமா எடை குறைக்கற டயட் புத்தகம் ஒண்ணு போட்டாரு. கொழுப்பில்லாத கறி, மீன், முட்டை, அதோட தினமும் பத்து அவுன்ஸ் டம்ளர்ல எட்டு டம்ளர் தண்ணி. கிட்டத்தட்ட 2.4 லிட்டர். லட்சக்கணக்குல வித்துத் தீர்ந்துச்சு. தண்ணி டயட்டுன்னே பேர் ஆயிருச்சு. எட்டு டம்ளரும் எடைக் குறைப்பும் ஒரே கயித்துல கட்டப்பட்டதுல இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டுங்கறது என் எண்ணம். பாடகி கேரன் கார்ப்பென்டர் முதல் தடவையா எடை குறைக்க ஆரம்பிச்சது அதே 1967ல, இதே டயட்லதான். பிற்பாடு உணவை வெறுக்கற நோய்ல விழுந்து 1983ல 32 வயசுல இறந்து போனாங்க. அந்த நோய்க்கு இந்த டயட்தான் காரணம்னு சொல்ல முடியாது, நான் சொல்லவும் வரல. இணையத்துல அவங்க பாட்டைக் கேக்கும்போதெல்லாம் ஞாபகம் வருது, அதான்.

அடுத்த ஆளு கொஞ்சம் விசித்திரம். ஃபெரேதூன் பத்மாங்கெலிஜ், ஈரானிய டாக்டர். 1979 புரட்சிக்கு அப்புறம் அவரைத் தெஹ்ரானோட எவின் சிறையில போட்டாங்க. ஒரு ராத்திரி வயித்துப் புண் வலியில துடிச்ச ஒரு கைதிக்குக் கொடுக்க மருந்து இல்லாம ரெண்டு டம்ளர் தண்ணியைக் கொடுத்தாராம், நிமிஷத்துல வலி நின்னுச்சாம். அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான கைதிகளுக்குத் தண்ணி வைத்தியம் பார்த்ததா எழுதியிருக்காரு. விடுதலையாகி அமெரிக்கா போய் 1992ல ஒரு புத்தகம் போட்டாரு. உடம்பு தண்ணி கேட்டுக் கதறுது, நமக்குத்தான் கேக்கலைங்கறது அதோட சாரம். ஆஸ்துமா, மூட்டு வலி, ரத்த அழுத்தம்னு எல்லாத்துக்கும் காரணம் தண்ணிப் பஞ்சம்தானாம். தாகத்தைத்தான் பசின்னு தப்பா எடுத்துக்கிட்டு தின்னு தின்னு குண்டாகறோம்ங்கறதும் அவர் பிரபலமாக்கினதுதான். சிறைக்குள்ள மருந்தில்லாம வைத்தியம் பார்த்த அந்த மனுஷனை என்னால கிண்டல் பண்ண முடியல. ஆனா தண்ணி குடிச்ச கூட்டம், குடிக்காத கூட்டம்னு பிரிச்சு ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எதுவும் அவர்கிட்ட இல்ல. காலையில வெறும் வயித்துல நாலு டம்ளர் குடிச்சா சகலமும் குணமாகும்னு ஜப்பான் பேரைச் சொல்லிச் சுத்தின நோட்டீஸ் ஞாபகம் இருக்கா? ஜெராக்ஸ்ல ஆரம்பிச்சு ஃபார்வர்டு மெயிலாகி வாட்ஸப் வரைக்கும் வந்துருச்சு.

தாகம் எடுக்கும் முன்னாடியே குடிச்சுரணும், தாகம் வந்துட்டா லேட்டுங்கற வசனம் எல்லாருக்கும் தெரியும். ரத்தத்தோட அடர்த்தி ரெண்டு சதவீதம் ஏறும் முன்னாடியே தாகம் எடுத்துரும். நீர்வறட்சின்னு மருத்துவர்கள் சொல்றதுக்கு அஞ்சு சதவீதமாவது ஏறணும். அதுக்கும் முன்னாடியே மூளை ஒரு ஹார்மோனை விட்டு சிறுநீரை அடக்க ஆரம்பிச்சுரும். ரெண்டு அடுக்கு அலாரம். எங்க டேட்டா சென்டர்லகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. வயசானவங்களுக்கு இந்தத் தாக உணர்வு கொஞ்சம் மங்கும்ங்கறதும் உண்மை, அதனால 'தாகம் எடுத்தா மட்டும்'னு எல்லாருக்கும் ஒரே விதி போடவும் முடியாது.

இந்த வசனம் எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்க்கணும்னா ஓட்டப்பந்தயத்தைத்தான் பார்க்கணும். அங்கே கதை நேர் எதிரா ஆரம்பிச்சுது. 1904ல செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். முப்பத்திரண்டு டிகிரி வெயில், புழுதி ரோடு. தண்ணி கிடைக்கற இடம் வழியில ஒண்ணோ ரெண்டோதான். அது தற்செயல் இல்ல, தண்ணியைக் குறைச்சா என்ன ஆகுதுன்னு பார்க்க போட்டியை நடத்தினவரே ஆசைப்பட்டதா சொல்வாங்க. 32 பேர் ஓடி 14 பேர்தான் முடிச்சாங்க. ஜெயிச்ச தாமஸ் ஹிக்ஸ் தண்ணி தண்ணின்னு கெஞ்சியும் கூட வந்தவங்க கொடுக்கல. வாயை ஈரப் பஞ்சால துடைச்சு விட்டு, எட்டிக்கொட்டையில இருந்து எடுக்கற ஸ்ட்ரிக்னினை முட்டை வெள்ளைக்கருவோட கலந்து கொடுத்தாங்க. ஆமாங்க, விஷம்தான். அந்தக் காலத்து எனர்ஜி டிரிங்க்.

காத்து மெல்ல மாறுச்சு. 1965ல ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல ராபர்ட் கேடும் கூட்டாளிகளும் கால்பந்து டீமுக்காக உப்பும் சர்க்கரையும் கலந்து கேட்டரேட் தயாரிச்சாங்க. 1970கள் கடைசியில பாட்டில் தண்ணியான பெரியர் அமெரிக்காவுல பெரிய விளம்பரத்தோட இறங்குச்சு. டிவியில குரல் கொடுத்தது சாட்சாத் ஆர்சன் வெல்ஸ். வியர்வை போன அளவுக்கு ஈடா, இல்லைன்னா வயிறு தாங்கற மட்டும் குடிங்கன்னு 1996ல அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பரிந்துரையே பண்ணிருச்சு. அளவுக்கு மேல குடிச்சா ஓடறவங்களுக்கு ஆபத்துன்னு 1985லயே தென்னாப்பிரிக்காவுல இருந்து டிம் நோக்ஸ் எழுதிட்டாரு. யாரு கேட்டா?

2002 பாஸ்டன் மாரத்தான்ல 28 வயசுப் பெண் ஒருத்தங்க சோடியம் குறைஞ்சு இறந்து போனாங்க. அன்னிக்கு அதே பந்தயத்துல ஒரு ஆய்வுக்குழு எல்லைக்கோட்டுல நின்னு 488 பேரோட ரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்துச்சு. 2005ல முடிவு வந்துச்சு. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவு, மூணு பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. முக்கியமான அடையாளம் என்ன தெரியுமா? ஓடி முடிச்சப்ப எடை ஏறியிருந்தது. 42 கிலோமீட்டர் ஓடி எடை ஏறியிருக்குன்னா அவ்வளவு தண்ணி உள்ளே போயிருக்கு. நாலு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டு நிதானமா ஓடி, ஒவ்வொரு மேசையிலயும் நின்னு நல்ல பிள்ளையா குடிச்சவங்களுக்குத்தான் ஆபத்து அதிகமா இருந்துச்சு. சொன்னதைச் சொன்னபடி செஞ்சவங்க. எனக்கு அந்த இடத்துல அப்பாவோட டைரிதான் கண்ணுல நின்னுச்சு.

2007ல கலிபோர்னியாவுல ஒரு ரேடியோ, யாரு அதிகமா தண்ணி குடிச்சு பாத்ரூம் போகாம இருக்காங்களோ அவங்களுக்கு வீடியோ கேம் பெட்டி பரிசுன்னு போட்டி வச்சுது. கலந்துக்கிட்ட 28 வயசு அம்மா ஒருத்தங்க அன்னிக்கே இறந்து போனாங்க. மூணு குழந்தைங்க. நல்ல ஆரோக்கியமான சிறுநீரகமே மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும்தான் வெளியேத்தும்.

சரி, கொழுப்பு கரையறது? கணக்குப் போட்டுருவோம், இஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா. 25 டிகிரி தண்ணியை உடம்பு 37 டிகிரிக்கு ஏத்தணும். நாலு லிட்டர், பன்னெண்டு டிகிரி, 48 கிலோகலோரி. ஏறக்குறைய ஒரு இட்லி. மொத்தமும் ஐஸ் தண்ணியா குடிச்சா மூணு இட்லி, தொண்டை கட்டினது இலவசம். 2003ல பெர்லின்ல ஒரு குழு 14 பேரை வச்சு, அரை லிட்டர் தண்ணி குடிச்சா உடம்பு எரிக்கற வேகம் 30 சதவீதம் ஏறுதுன்னு சொன்னாங்க. ஆப்ல எல்லாம் இதைத்தான் எடுத்துப் போட்டுக்குவாங்க. 2006ல சுவிட்சர்லாந்துல வேற குழு செஞ்சு பார்த்தப்ப அந்த மாதிரி எதுவும் தெரியல. அதை யாரும் போட்டுக்கலை. ஓரளவு நிக்கறது ஒண்ணு: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி அரை லிட்டர். 2010ல அமெரிக்காவுல நடுத்தர வயசு தாண்டினவங்களை வச்சு, சாப்பாட்டையும் குறைச்சு, பன்னெண்டு வாரம் செஞ்ச சோதனையில தண்ணிக் கூட்டம் ரெண்டு கிலோ கூடுதலா குறைஞ்சுது. வயிறு நிறைஞ்சா கொஞ்சம் கம்மியா சாப்பிடறோம். சர்க்கரை போட்ட பானத்துக்குப் பதிலா தண்ணி குடிச்சா லாபம்தான், அதுக்கு அறிவியலே தேவையில்லை.

தண்ணி வில்லன் இல்லீங்க. சிறுநீரகக் கல் வந்தவங்களுக்கு அது மருந்து. 1996ல இத்தாலியில வந்த ஆய்வுல, நிறையத் தண்ணி குடிக்கச் சொன்ன 99 பேர்ல அஞ்சு வருஷத்துல 12 பேருக்குத்தான் கல் திரும்ப வந்துச்சு. சொல்லாத 100 பேர்ல 27 பேருக்கு. வெயில்ல கட்டட வேலை பார்க்கறவங்களுக்கும், களையெடுக்கறவங்களுக்கும் எட்டு டம்ளர் எந்த மூலைக்கு? ஆனா எங்க சித்தி ஜவுளிக்கடையில வேலை பார்த்தப்ப பகல் முழுக்கத் தண்ணியே குடிக்க மாட்டாங்க. பாத்ரூமுக்கு அனுப்ப மாட்டாங்கங்கற பயம். தண்ணி வேண்டியவங்களுக்கு ஆப் இல்ல, ஆப் வச்சிருக்கற எனக்கு ஏசியில வேர்க்கறதே இல்ல.

2022ல சயன்ஸ் இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள்ல, பொறந்து எட்டே நாளான குழந்தையில இருந்து 96 வயசு வரைக்கும் 5,604 பேர். கனநீர் கொடுத்து, உடம்புக்குள்ள தினம் எவ்வளவு தண்ணி வந்து போகுதுன்னு அளந்தாங்க. வயசு, வேலை, வெயில், ஈரப்பதம், கர்ப்பம்னு எல்லாத்துக்கும் தகுந்தாப்புல மாறுது. எட்டு டம்ளர்ங்கற ஒரே அளவை எல்லாருக்கும் மாட்ட முடியாதுன்னு எழுதிட்டாங்க. இந்தத் தடவையாவது எண்ணோட சேர்த்து மிச்ச வரிகளையும் யாராவது காப்பி பண்ணுவாங்களான்னு பார்க்கணும்.

அப்பா இப்ப நல்லா இருக்காரு. மாத்திரையை மாத்தியாச்சு. மூணு மாசம் டாக்டர் நாளைக்கு ஒன்றரை லிட்டர்னு கட்டுப்பாடு போட்டிருந்தாரு, அதையும் அதே டைரியில எழுதினாரு. கையெழுத்து பழையபடி மணிமணியா ஆயிருச்சு, கூட்டலும் சரியா வருது. நான் வாங்கிக் கொடுத்த பாட்டில்ல அம்மா மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. "நான் சொன்னதாலதானேப்பா"ன்னு ஒருநாள் தயங்கித் தயங்கி ஆரம்பிச்சேன். "அட போடா, எனக்கும் தொப்பை குறையணும்னு ஆசை இருந்துச்சுல்ல" அப்படின்னுட்டு, வேற பேச்சுக்குப் போயிட்டாரு.

போன வாரம் போன்ல இந்த 1945 கதையை அவர்கிட்ட சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. பேப்பர் புரட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"தம்பி, அப்ப ரசத்தையும் கணக்குல சேர்த்திருக்கணுமோ?"

"ஆமாப்பா."

"மோரு?"

"அதுவும்தான்."

"சரி, இரு. பேனா எடுத்துட்டு வர்றேன்."